கடலில் காயம்பட்ட பணியாளர் இழப்பீடு பெறுவது எப்படி

கப்பலைத் துறைமுகத்தில் கட்டும்போது மூரிங் கயிறு அறுந்து தெறித்து ஒருவருடைய கால் எலும்பு முறிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பல் ஒரு நாட்டின் கொடியைத் தாங்கியிருக்கிறது. அதன் உரிமையாளர் நிறுவனம் வேறொரு நாட்டில் பதிவாகியிருக்கிறது. ஆளெடுத்த ஏஜென்சி மூன்றாவது நாட்டில் இருக்கிறது. விபத்து நடந்த துறைமுகமோ நான்காவது நாட்டுக்கு உரியது. தரையில் ஒரு தொழிற்சாலையில் இதே காயம் ஏற்பட்டிருந்தால், எந்தச் சட்டத்தின்படி யாரிடம் கேட்பது என்ற குழப்பம் பெரும்பாலும் எழாது. கடலில் அதுதான் முதல் குழப்பம். ஆனால் அந்தக் குழப்பத்தை வழக்கறிஞர் தீர்த்துக்கொள்வார். காயம்பட்டவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை வேறு: கப்பலை விட்டு இறங்கும் முன் எது எழுத்தில் பதிவாகிறது, எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்ற இரண்டிலும் கண்ணாக இருப்பது. இழப்பீட்டு வழக்குகள் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் வலுப்பெறுகின்றன அல்லது வலுவிழக்கின்றன.

உரிமை ஒன்றல்ல, மூன்று

காயம்பட்டவர்கள் பலர் ‘இழப்பீடு’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்கள். உண்மையில் மூன்று வெவ்வேறு உரிமைகள் உள்ளன. ஒன்றைப் பெற்றதனால் மற்றொன்று தானாக அற்றுப்போவதில்லை.

முதலாவது, யார் தவறு என்று பார்க்காமலே கிடைக்க வேண்டிய பராமரிப்பு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இல் நிறைவேறி, 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. 100க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றுக்கொண்டுள்ளன. அதன்படி, பணியில் சேர்ந்த நாளிலிருந்து முறைப்படி ஊர் திரும்பும் நாள் வரை ஏற்படும் காயத்துக்கும் நோய்க்கும் ஆகும் சிகிச்சை, மருந்து, வீட்டை விட்டு வெளியே தங்க நேர்ந்தால் உணவு, தங்குமிடம் ஆகிய செலவுகள் கப்பல் உரிமையாளரைச் சேர்ந்தவை. கப்பலில் இருக்கும் வரையிலும், ஊர் திரும்பும் வரையிலும் முழு ஊதியம் தர வேண்டும். அதன் பிறகு குணமாகும் வரை முழுவதாகவோ பகுதியாகவோ ஊதியம் தொடர வேண்டும். எவ்வளவு என்பதை நாட்டுச் சட்டமோ, தொழிற்சங்கமும் உரிமையாளர் தரப்பும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தமோ சொல்லும். நாடுகள் சிகிச்சைச் செலவுக்கும் இந்த ஊதியத்துக்கும் கால வரம்பு வைக்கலாம். ஆனால் அந்த வரம்பு 16 வாரங்களுக்குக் குறையக் கூடாது. 16 வாரம் என்பது குறைந்தபட்ச அளவே அன்றி உச்ச அளவு அன்று. ஏஜென்சிகள் சில இதைத் தலைகீழாகச் சொல்வதுண்டு.

உரிமையாளர் இந்தப் பொறுப்பிலிருந்து விடுபட நாட்டுச் சட்டம் அனுமதிக்கக்கூடிய சூழல்கள் மூன்றே: கப்பல் பணிக்குத் தொடர்பில்லாமல் ஏற்பட்ட காயம், வேண்டுமென்றே செய்த முறைகேட்டால் வந்த காயம் அல்லது நோய், பணியில் சேரும்போது தெரிந்தே மறைத்த நோய். சாதாரணக் கவனக்குறைவு இந்தப் பட்டியலில் இல்லை. ‘நீ பார்த்து நடந்திருக்க வேண்டும்’ என்று அதிகாரி கடிந்துகொண்டாலும், சிகிச்சையையும் ஊதியத்தையும் மறுக்க அது காரணமாகாது.

இரண்டாவது, பணி ஒப்பந்தத்திலோ கூட்டு ஒப்பந்தத்திலோ குறிப்பிட்டிருக்கும் ஊனத் தொகை. இங்கும் தவறு யாருடையது என்ற விசாரணை பொதுவாக இல்லை. மருத்துவர் மதிப்பிடும் ஊன சதவீதத்துக்கு ஏற்பத் தொகை அமைகிறது. ஆனால் சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறக்கூடும். தரை வேலைக்குப் போதுமான ஒரு கை, ஏணியில் ஏறவும் கயிறு இழுக்கவும் போதாமல் போகலாம். மருத்துவ அட்டவணையில் சிறிய எண்ணாகத் தெரியும் ஊனம், கடல் தொழிலையே முடித்துவிடலாம். இதை உணர்ந்துதான் பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் நிலையான கூட்டு ஒப்பந்தம், 50 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் அடைந்தவரையும், அதற்குக் குறைவாக இருந்தாலும் கடல் பணிக்கு நிரந்தரமாகத் தகுதியற்றவர் என்று சான்று பெற்றவரையும் 100 சதவீதத் தொகைக்கு உரியவராகக் கருதுகிறது. உங்கள் ஒப்பந்தத்தில் இப்படியொரு விதி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால், மருத்துவரிடம் சதவீதத்தோடு ‘கடல் பணிக்குத் தகுதி உண்டா, இல்லையா’ என்ற கேள்விக்கும் எழுத்தில் விடை கேளுங்கள்.

மூன்றாவது, உரிமையாளர் தரப்பின் கவனக்குறைவையோ கப்பலின் குறைபாட்டையோ நிறுவிப் பெறும் நட்ட ஈடு. தேய்ந்த கயிறு, காப்புத் தடுப்பு இல்லாத வின்ச் (கயிறு இழுக்கும் இயந்திரம்), வெளிச்சமில்லாத ஏணி, காற்றைச் சோதிக்காமல் திறந்துவிடப்பட்ட தொட்டி, போதிய ஆளில்லாமல் நடத்திய வேலை ஆகியவை இதற்கு அடிப்படையாகலாம். இழந்த ஊதியம், எதிர்கால வருமான இழப்பு, இனி ஆகப்போகும் சிகிச்சைச் செலவு, உடல் வேதனை எனப் பல தலைப்புகளில் கணக்கிடப்படுவதால் இந்தத் தொகை முதல் இரண்டையும்விடப் பெரிதாக அமையக்கூடும். நிறுவும் சுமையும் அதற்கேற்பப் பெரிது. காயம்பட்டவரின் தவறும் இதில் கலந்திருந்தால் பல நாடுகளில் அந்த அளவுக்குத் தொகை குறையுமே தவிர, உரிமை முழுதும் போய்விடாது.

கப்பலில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

எவ்வளவு சிறிய காயமாகத் தோன்றினாலும் அன்றே மேலதிகாரியிடம் தெரிவித்து, விபத்து அறிக்கையிலும், கப்பலின் அன்றாட நிகழ்வுகளைக் குறிக்கும் லாக் புத்தகத்திலும் பதியச் சொல்லுங்கள். முதுகு வலி, செவித்திறன் குறைவு, புகை மூச்சில் ஏறியதால் வரும் பாதிப்பு போன்றவை அன்று சிறிதாகத் தெரிந்து வாரங்கள் கழித்துப் பெரிதாகும். அப்போது, ‘கப்பலில் எந்தப் பதிவும் இல்லையே’ என்ற ஒற்றை வாக்கியம் உங்களுக்கு எதிராக நிற்கும். வாய்மொழியாகச் சொன்னதோடு நிற்காமல், நாள், நேரம், இடம், செய்துகொண்டிருந்த வேலை, யாருடைய உத்தரவு, உடனிருந்தவர் யார், எந்தக் கருவி ஆகியவற்றை நீங்களே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நினைவு மங்கும், எழுத்து மங்காது.

அறிக்கையைப் பெரும்பாலும் அதிகாரி ஒருவர்தான் எழுதுவார், அதுவும் உங்களுக்குச் சரளமில்லாத மொழியில். ‘பணியாளரின் கவனக்குறைவால்’ என்ற தொடர் அதில் வழக்கமாக இடம்பெறும் தொடர்களில் ஒன்று. அதைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. புரியவில்லை என்றால் புரியவில்லை என்றும், ஒப்புக்கொள்ளவில்லை என்றால் எந்தப் பகுதியை ஒப்புக்கொள்ளவில்லை என்றும் உங்கள் கையாலேயே கீழே எழுதி, அதன்பின் கையெழுத்திடலாம். நீங்கள் தரும் வாக்குமூலத்தில் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். ‘நான் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம்’ என்று பெருந்தன்மையாகச் சேர்க்கும் ஒரு வரி, பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புதல் வாக்குமூலமாக வாசிக்கப்படும்.

சான்றுகள் விரைவில் மறைந்துபோகும் இடம் கப்பல். அறுந்த கயிறு அடுத்த துறைமுகத்தில் குப்பைக்குப் போய்விடும். உடைந்த படி அன்று மாலையே பற்றவைக்கப்படும். எண்ணெய் சிந்திய தளம் கழுவப்படும். கேமராப் பதிவும், கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் உள்ள பயணத் தரவுப் பதிவுக் கருவியின் பதிவும் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழிந்து, புதியது அதன்மேல் பதியும். ஆகவே உங்களால் முடியாவிட்டாலும் நம்பிக்கையான சக பணியாளர் ஒருவரைக் கொண்டு இடத்தையும் கருவியையும் காயத்தையும் படமெடுத்து, அந்தப் படங்களைக் கப்பலுக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கு உடனே அனுப்பிவிடுங்கள். பதிவுகளை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று கேப்டனுக்கு எழுத்தில் ஒரு வேண்டுகோள் கொடுப்பதும் பயன் தரும். பிறகு அவை காணாமல் போனால், அது ஏன் என்று விளக்க வேண்டியவர்கள் அவர்கள்.

படங்களைவிடவும் சில வேளை வலுவாகப் பேசுவது கப்பலின் சொந்தக் காகிதங்களே. பணி அனுமதிச் சீட்டு, ஆபத்து மதிப்பீட்டுப் படிவம், பராமரிப்பு அட்டவணை, பாதுகாப்புக் கூட்டக் குறிப்புகள், கயிறுகளின் சான்றிதழ் ஆகியவற்றில் எவை இருக்கின்றன என்ற பட்டியலையாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு நேரப் பதிவேட்டைத் தனியே குறிப்பிட வேண்டும். குறைந்தபட்ச ஓய்வைக் கொண்டு அளக்கும் நாடுகளில், எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேரமும், எந்த 7 நாளிலும் 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும் என்பது விதி. பதிவேட்டில் எல்லாம் அழகாக நிரம்பியிருக்கும். ஆனால் அதே நாளின் லாக் புத்தகமோ சரக்கேற்றிய நேரக் குறிப்போ வேறு கதை சொல்லும். சோர்வால் நடந்த விபத்துகளில் இந்த முரண்பாடுதான் வழக்கின் உயிர். பதிவேட்டின் படியைப் பெறும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

உடனிருந்தவர்களின் முழுப் பெயர், நாடு, தொலைபேசி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சில மாதங்களில் அவர்கள் வெவ்வேறு கப்பல்களில் சிதறிப்போவார்கள். நிறுவனம் அவர்களை உங்களுக்காகத் தேடித் தராது.

மருத்துவரும் மருத்துவக் காகிதமும்

100 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைச் சுமந்து, வழக்கமாக மூன்று நாளுக்கு மேற்பட்ட பன்னாட்டுப் பயணம் செல்லும் கப்பலில்தான் மருத்துவர் இருக்க வேண்டும் என்பது விதி. சரக்குக் கப்பல்களில் பொதுவாக மருத்துவர் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற அதிகாரி, வானொலி அல்லது செயற்கைக்கோள் வழியாகக் கரையிலுள்ள மருத்துவரின் ஆலோசனையைக் கேட்டுச் சிகிச்சை தருவார். இந்த ஆலோசனை எந்த நேரமும் கப்பல்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் விதி. கேட்கப்பட்டதா, எப்போது கேட்கப்பட்டது, என்ன சொன்னார்கள் என்பவை பதிவாக வேண்டும், ஏனெனில் சிகிச்சை தாமதமானதால் காயம் மோசமானது என்றால் அதுவே தனியொரு பொறுப்பாகலாம். 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள், உடனடிச் சிகிச்சை தேவைப்படும் பணியாளரை விரைவாகக் கரையிறக்க நாடுகள் உதவ வேண்டும் என்று வலியுறுத்துகின்றன. கப்பல் நிற்கும் துறைமுகங்களில், இயலும் இடங்களில், தாமதமின்றி மருத்துவரையோ பல் மருத்துவரையோ பார்க்கும் உரிமையும் உண்டு.

மருத்துவரிடம் பேசும்போது, எல்லா வலிகளையும் சொல்லுங்கள். கால் முறிந்த வேதனையில் தோள்பட்டை வலியைச் சொல்லாமல் விட்டால், ஆறு மாதம் கழித்துத் தோள்பட்டை அறுவைச் சிகிச்சைக்கு உரிமை கோரும்போது அது பின்னர் முளைத்த கதையாகத் தெரியும். விபத்துக்குப் பிறகு வரும் தூக்கமின்மை, அச்சம் போன்றவற்றையும் மறைக்க வேண்டாம். அவையும் மருத்துவ நிலைகளே. அறிக்கை, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, ரசீது என ஒவ்வொன்றிலும் ஒரு படி உங்களிடம் இருக்கட்டும்.

நிறுவனம் அமர்த்தும் மருத்துவர் பொய் சொல்வார் என்று முன்கூட்டியே எண்ண வேண்டியதில்லை. ஆனால் ‘பணிக்குத் தகுதியானவர்’ என்று அவர் எழுதும் ஒரு வரியோடு உங்கள் ஊதியம் நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம். வலி தொடர்ந்தால் இரண்டாவது மருத்துவரின் கருத்தைப் பெற்று, முரண்பாட்டை எழுத்தில் தெரிவியுங்கள். சில ஒப்பந்தங்களில், இரு மருத்துவர்களும் முரண்பட்டால் இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் மூன்றாவது மருத்துவரின் முடிவே இறுதியானது என்ற விதி உண்டு. ஊர் திரும்பியதும் எத்தனை நாளுக்குள் நிறுவன மருத்துவர் முன் வர வேண்டும் என்ற விதியும் இருக்கலாம்: பிலிப்பைன்ஸ் பணியாளர்களின் நிலையான ஒப்பந்தத்தில் அது மூன்று வேலை நாள் மட்டுமே. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஓய்வெடுத்த பிறகு போகலாம் என்று நினைப்பவர், அந்த ஒரு வாரத்திலேயே உரிமையை இழந்துவிடக்கூடும்.

எந்தச் சட்டம், எவ்வளவு காலம்

கொடி நாட்டின் (கப்பல் பதிவாகியுள்ள நாட்டின்) சட்டம், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் சட்டம், விபத்து நடந்த இடத்தின் சட்டம், உரிமையாளர் உண்மையில் தொழில் நடத்தும் நாட்டின் சட்டம் என நான்கும் போட்டியிடலாம். ஆகவே பணி ஒப்பந்தத்தின் கையெழுத்திட்ட மூலப்படி ஒன்று உங்கள் கையில் இருப்பது அவசியம். அது ஒவ்வொரு பணியாளருக்கும் உரிய உரிமையும்கூட. அதில் எந்த நாட்டுச் சட்டம், எந்த நீதிமன்றம் அல்லது நடுவர் மன்றம், எந்தக் கூட்டு ஒப்பந்தம் என்று குறிப்பிட்டிருக்கிறது என்பதை வழக்கறிஞர் முதலில் கேட்பார்.

கால வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1920ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டத்தின்படி கடல் பணியாளர் தம் முதலாளியின் கவனக்குறைவுக்காக மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். இரு கப்பல்கள் மோதியதால் ஏற்பட்ட காயத்துக்கு, 1910ஆம் ஆண்டின் மோதல் உடன்படிக்கை இரண்டு ஆண்டு தருகிறது. நிறுவனம் கனிவாகப் பேசிக்கொண்டிருக்கிறது என்பதற்காகக் காலம் நின்றுவிடாது. பேச்சு நடக்கும்போதே காலாவதியான வழக்குகள் உண்டு. கால நீட்டிப்புக்கு அவர்கள் ஒப்புக்கொண்டால் அதை எழுத்தில் வாங்குங்கள்.

பணம் எங்கிருந்து வரும்

கப்பல் உரிமையாளர் சில வேளை ஒரே ஒரு கப்பலை மட்டும் சொத்தாகக் கொண்ட நிறுவனமாக இருப்பார். அந்தக் கப்பலும் நாளை விற்கப்படலாம். இதற்காகத்தான் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் 2014ஆம் ஆண்டுத் திருத்தங்கள், மரணத்துக்கும் நீண்டகால ஊனத்துக்கும் ஒப்பந்தப்படி தர வேண்டிய தொகைக்கு நிதிப் பாதுகாப்பு வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கின. அவை 2017 ஜனவரி 18 முதல் நடைமுறையில் உள்ளன. பெரும்பாலும் இந்தப் பொறுப்பை ஏற்பது கப்பல் உரிமையாளர்கள் கூட்டாக நடத்தும் ‘பி அண்டு ஐ கிளப்’ எனப்படும் பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கம். அதன் சான்றிதழைக் கப்பலில் பணியாளர்கள் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். காப்பீட்டாளரின் பெயர், தொடர்பு விவரம், செல்லுபடியாகும் காலம் எல்லாம் அதிலேயே இருக்கும். ஏறிய முதல் நாளிலேயே அதைப் படமெடுத்து வைத்துக்கொள்வதைவிட மலிவான முன்னெச்சரிக்கை வேறில்லை.

இந்த ஏற்பாட்டின் கீழ், நீங்களோ உங்கள் வாரிசோ பிரதிநிதியோ காப்பீட்டாளரிடம் நேரடியாகவே கோரலாம். ஒப்பந்தத் தொகையை முழுமையாகவும் தாமதமின்றியும் தர வேண்டும். குறைந்த தொகையை ஏற்கும்படி நெருக்கடி தரக் கூடாது. ஊனத்தின் முழு அளவு தெரியக் காலமாகும் என்றால், அதுவரை கஷ்டப்படாதபடி இடைக்காலத் தொகை தர வேண்டும். இந்த மூன்றும் உடன்படிக்கையின் சொந்தச் சொற்களில் இருப்பவை என்பதால், உங்கள் கடிதத்தில் அவற்றை அப்படியே எடுத்துக்காட்டலாம்.

எதில் கையெழுத்திடக் கூடாது

மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும்போதோ விமான நிலையத்துக்குப் புறப்படும் அவசரத்திலோ ஒரு காகிதமும் சிறு தொகையும் சேர்ந்து வந்தால், அந்தக் காகிதம் பெரும்பாலும் ‘எல்லாக் கோரிக்கைகளையும் முழுமையாகவும் இறுதியாகவும் தீர்த்துக்கொண்டேன்’ என்னும் விடுவிப்புப் பத்திரமாகவே இருக்கும். சம்பள பாக்கியைப் பெறுவதற்கான ரசீது என்று அதை அறிமுகப்படுத்துவார்கள். உங்களுக்கு உரிய ஊதியத்தைப் பெற, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வேறு வழியின்றிக் கையெழுத்திட நேர்ந்தால், ‘பெற்ற தொகைக்கு மட்டும், பிற உரிமைகள் நிலைத்திருக்கின்றன’ என்று உங்கள் மொழியிலேயே எழுதிக் கையெழுத்திட்டு, படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உடன்படிக்கையின் பின்னிணைப்பில் மாதிரி ரசீதுப் படிவம் ஒன்று இருப்பதைப் பலர் அறியார். ஒப்பந்தத் தொகையைப் பெறுவதாகச் சொல்லும் அந்தப் படிவமே, கவனக்குறைவு உள்ளிட்ட பிற சட்ட அடிப்படைகளில் கோரும் உரிமை பாதிக்கப்படாது என்றும் சொல்கிறது. அதாவது மேலே சொன்ன இரண்டாவது உரிமையைப் பெற்ற பிறகும் மூன்றாவது கதவு திறந்தே இருக்கிறது. இரண்டாவதில் பெற்ற தொகை மூன்றாவதில் கழிக்கப்படலாம், அவ்வளவுதான். நிறுவனம் நீட்டும் படிவம் இதிலிருந்து எங்கே விலகுகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

வழக்கறிஞர்களைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவமனை வாசலில் தாமாக வந்து பெரும் தொகையை உறுதி கூறுபவரிடமும் எச்சரிக்கை தேவை. கட்டணம் எத்தனை சதவீதம், வழக்குத் தோற்றால் செலவு யாருடையது, கடல்சார் வழக்குகளை முன்பு நடத்தியிருக்கிறாரா என்பவற்றை எழுத்தில் பெறாமல் அதிகாரப் பத்திரம் தர வேண்டாம்.

மறுத்தால் எங்கே போவது

கப்பலிலேயே புகார் நடைமுறை ஒன்று இருக்க வேண்டும். அதன் படியை ஒப்பந்தத்தோடு உங்களுக்குத் தந்திருக்க வேண்டும். புகாரளித்ததற்காகப் பழிவாங்குவதை உடன்படிக்கை தடைசெய்கிறது. அது பலன் தராவிட்டால், கப்பல் நிற்கும் துறைமுகத்தின் அரசு ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். உடன்படிக்கையை ஏற்காத நாட்டின் கொடி பறந்தாலும், ஏற்ற நாட்டின் துறைமுகத்தில் அந்தக் கப்பலைச் சோதிக்க முடியும். போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்புக்குப் பல துறைமுகங்களில் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். சீஃபேரர்ஹெல்ப் என்ற கட்டணமில்லா உதவித் தொலைபேசி 24 மணி நேரமும் பல மொழிகளில் இயங்குகிறது.

கடைசி ஆயுதம் கப்பலையே பிடித்துவைப்பது. பணியாளரின் ஊதியத்துக்கும் உடற்காயத்துக்கும் பல நாடுகளின் சட்டம் கப்பல்மீதே பற்றுரிமை தருகிறது. உரிமையாளர் மாறினாலும் அந்த உரிமை கப்பலைப் பின்தொடரும். கப்பல் பற்றுரிமைகள் பற்றிய 1993ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் இந்தப் பற்றுரிமைக்கு ஒரு வருடமே ஆயுள், அதற்குள் கப்பலைக் கைப்பற்றியிருக்க வேண்டும். கப்பல் ஒரு நாள் நின்றாலும் உரிமையாளருக்கு இழப்பு என்பதால், நீதிமன்ற ஆணை வந்ததும் உத்தரவாதப் பணம் விரைவில் முன்வைக்கப்படுவது வழக்கம்.

மீன்பிடிக் கப்பல்களில் வேலை செய்வோர் இங்கே நின்று கவனிக்க வேண்டும். மேலே சொன்ன 2006ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்காக 2007இல் இயற்றப்பட்ட 188ஆம் எண் உடன்படிக்கை 2017 நவம்பர் 16 முதல் நடைமுறையில் உள்ளது. பணியில் ஏற்படும் காயத்துக்குச் சிகிச்சையும் இழப்பீடும் கிடைக்க வேண்டும் என்று அது கோரினாலும், ஏற்றுக்கொண்ட நாடுகள் குறைவு. ஆகவே அவர்களுக்கு நாட்டுச் சட்டமே முதல் துணை. பிடித்த மீனில் பங்காக ஊதியம் பெறுபவர்கள், கடந்த பயணங்களின் பங்குக் கணக்கைச் சேர்த்து வைத்தால்தான் இழந்த வருமானத்தை நிறுவ முடியும். பயணக் கப்பலில் சமையல், துப்புரவு, விருந்தோம்பல் வேலை செய்பவர்களோ தாங்கள் மாலுமி இல்லை என்று நினைத்து ஒதுங்க வேண்டாம். எந்த வேலையாயினும் கப்பலில் பணிபுரிபவர் அந்த 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பார்வையில் கடல் பணியாளரே.

பணியாளர் இறந்துவிட்டால் கோரிக்கை குடும்பத்துக்குச் செல்கிறது. அடக்கச் செலவு உரிமையாளருடையது. கப்பலில் விட்டுச்சென்ற உடைமைகளைப் பாதுகாத்து உறவினரிடம் சேர்ப்பதும் அவர் கடமை. குடும்பம் முதலில் கேட்க வேண்டியவை இறப்புச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை, லாக் புத்தகப் பதிவின் படி, பணி ஒப்பந்தம், காப்பீட்டுச் சான்றிதழின் படி ஆகியன. கப்பல் இயக்கத்தோடு தொடர்புடைய விபத்தில் இறந்தாலோ, ஒருவர் கப்பலிலிருந்து காணாமல் போனாலோ, கொடி நாடு விசாரணை நடத்த வேண்டும். அந்த விசாரணையில் குடும்பத்துக்குத் தகவல் தரும்படி எழுத்தில் கேட்கலாம். பணியில் சேரும்போது நிரப்பும் வாரிசுப் படிவத்தில் திருமணத்துக்கு முன்பு எழுதிய பெயரே பல ஆண்டுகள் மாறாமல் இருப்பதும், தொகை அந்தப் பெயருக்கே போய்விடுவதும் நடக்கக்கூடியது. அடுத்த முறை கப்பலேறும் முன் அந்தப் படிவத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.